குவைத் போகவிருந்த சிஸ்டர்

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த தை மாதத்தில், தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் என் மனைவிக்கு மார்பில் புற்றுக்கட்டியை எடுத்தார்கள். அந்த வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவிகளில் ஒருவர் மட்டும் முப்பதை நெருங்கியவர். கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரர். தொப்பிக்கு வெளியே குட்டைச் சுருட்டை முடி எட்டிப் பார்க்கும். ஊசி போடும்போது மற்றவர்கள் "வலிக்காது" என்பார்கள். இவர், "சுருக்குனு வலிக்கும், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்.

சாப்பிட மறுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனைவியிடம் ஒரு மதியம் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் இதே ஆபரேஷன்தாங்க்கா. கொட்டுன முடி இப்புடிச் சுருட்டையா முளைச்சிருக்கு, பாருங்க. நான் ட்ரீட்மென்ட்ல இருந்தப்பதான் குவைத்துல எங்க வீட்டுக்காரரு ஆக்சிடென்ட்ல தவறிட்டாரு."

மனைவி திரும்பினாள். "இவ்வளவு பட்டுட்டு, மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே ஏன் வந்தீங்க?"

"வீட்ல இருந்தா எல்லாரும் 'பாவம்'னாங்க. இங்க 'சிஸ்டர்'னு கூப்புடுறாங்கள்ல?" என்று சிரித்தார். "படிப்ப முடிச்சிட்டு குவைத்துக்குத்தான் போறேன்."

"அவரு இறந்த ஊருக்கா?"

"ஆமாங்க்கா. லீவுல வந்தா அந்த ஊரப் பத்தியேதான் பேசுவாரு. நானும் பாக்கணும்ல? குடிங்க, ஆறுது."

மனைவி எழுந்து உட்கார்ந்து கஞ்சியை வாங்கிக்கொண்டாள்.

இன்று அவள் நலமாக இருக்கிறாள். கணவரைப் பறித்த ஊருக்கு ஒருவர் எப்படி அத்தனை ஆசையோடு கிளம்ப முடியும் என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாது" என்கிறாள். எனக்குப் புரியத்தான் இல்லை. ஆனால் அந்த சிஸ்டர் இந்நேரம் குவைத்தில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார் என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இல்லை.