மெதுவான ஆட்டமும் என் அவசரமும்

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்யும் நான், ஞாயிறுதோறும் ஆலுவா பக்கம் கோல்ஃப் ஆடப் போவேன். போன மாதம் எங்களுக்கு முன்னால் ஆடிய வயதான தம்பதி ஒவ்வொரு அடிக்கும் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். "பொறுங்க இக்கா, அவங்க இன்னும் நகரல" என்று நண்பன் தடுத்தும், ஆத்திரத்தில் ஓங்கி அடித்துவிட்டேன். பந்து நேராக அந்தப் பெரியவரின் தலையை நோக்கிப் பறந்தது. நல்லவேளையாக, குழியிலிருந்து தன் பந்தை எடுக்க அவர் அப்போதுதான் குனிந்தார். என் பந்து அவரைத் தாண்டிப் புல்லில் விழுந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அவருக்கு முட்டுவலி, மோனே. ஒரு வாக்கு சொல்லியிருந்தா வழி விட்டிருப்போமே" என்றார் அவர் மனைவி.

இப்போதெல்லாம் முன்னால் ஆடுபவர்கள் தாமதித்தால், மட்டையைப் பையில் வைத்துவிட்டு, நடந்துபோய் வழிவிடும்படி கேட்கிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.