முடி வேண்டாத வில்ஃபின் முப்பத்து மூன்று வருட ஆட்சி

எனிட் தன் வருங்காலக் கணவனைச் சரியாகப் பார்த்தது 1965இல், ஆக்லி ஊர் சினிமாக் கொட்டகையில். படம் முடிந்ததும் அந்தக் கால வழக்கப்படி அரச கீதம் போட்டார்கள். பாதிப் பேர் அதற்கு முன்பே வாசலுக்கு ஓடியிருந்தார்கள். மாட்டிக்கொண்ட மீதிப் பேர் மேல்கோட்டு மாட்டியபடி எழுந்து நின்றார்கள். வில்ஃப் அக்ராய்ட் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"காலு மரத்துப் போச்சா?" என்று எனிட் குனிந்து கேட்டாள்.

"மரத்துப் போனது இந்த நாட்டோட மூளை."

பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது பெரிய வீரமாகத் தெரிந்தது. அந்த வயதில் எதுதான் வீரமாகத் தெரியாது.

வில்ஃபின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எட்டு வயதில், புதிதாக முடிசூடிய ராணியைப் பார்க்க, அவன் பள்ளிக்கூடம் முழுவதையும் மழையில் சாலையோரம் கொடியோடு இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். ஒரு கார் போனது. அதற்குள் ஒரு வெள்ளைக் கையுறை ஆடியது. மொத்தம் நான்கு விநாடி. அவனுக்குக் கிடைத்தது மூன்று வாரக் காய்ச்சலும் முடிசூட்டுப் படம் போட்ட ஒரு பீங்கான் குவளையும். அந்தக் குவளையில்தான் இன்றுவரை நத்தைக்குத் தூவும் மருந்தை வைத்திருக்கிறான். தகுதிக்கேற்ற வேலை கொடுத்திருப்பதாக அவன் நினைப்பு.

பஸ் பணிமனையில் நாற்பது வருடம் எஞ்சின் பழுது பார்த்தவன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, சந்தைச் சதுக்கத்தில் 'முடி வேண்டாம், ஓட்டு வேண்டும்' என்ற அட்டையோடு நிற்பான். எனிட் பிளாஸ்கோடு பக்கத்தில் நிற்பாள்.

"எந்த வயித்துலேர்ந்து வந்தாங்கிறது ஒரு தகுதியா? பல் டாக்டரோட மகன்னு சொல்லிக்கிட்டு வர்றவன்கிட்டல்லாம் வாயைத் திறந்து காட்டுவீங்களா?" என்று கேட்பான்.

"ஓட்டுப் போட்டா மட்டும் யோக்கியன் வந்துருவானா?" என்று யாராவது மடக்குவார்கள்.

"வர மாட்டான். ஆனா அடுத்த தடவை அவனைத் தூக்கிடலாம். அவ்வளவுதான் சங்கதி."

உண்மையைத்தான் சொன்னான். கேட்கத்தான் ஆளில்லை. சொந்தக் கூரை ஒழுகுகிறவர்கள், நூற்றுக்கணக்கான அறைகள் உள்ளவர் நலமாக இருக்க வேண்டுமென்று தெருவெல்லாம் தோரணம் கட்டுகிற ஊர் அது. ராணி பட்டத்துக்கு வந்த ஆண்டு விழாவுக்காகத் தெருவில் ஜூபிலி விருந்து நடந்த அன்று வில்ஃப் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டான். எனிட் தட்டில் மறைத்துக் கொண்டுவந்த கேக்கையும் கஸ்டர்டையும் மட்டும் சமையலறையில் நின்றபடியே வழித்துத் தின்றான். கொள்கை ஜன்னலோடு சரி.

ரயில் பாதைக்குப் பின்னால் நகராட்சி வாடகைக்கு விட்டிருக்கும் காய்கறித் தோட்டங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. 1991இல் ஒன்பதுக்கு ஏழு என்ற ஓட்டில் வில்ஃப் அதன் தலைவனானான். கடைசியாக அங்கே ஓட்டு எண்ணியது அன்றுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் பொதுக்குழு கூடும். பொருளாளர் டெஸ்மண்ட், "போன வருஷம் மாதிரியேதானே?" என்பார். எல்லோரும் "ம்" என்றுவிட்டு பிஸ்கட் பக்கம் நகர்வார்கள். இப்படியே முப்பத்து மூன்று வருடம். தோட்டத்துச் சாவி வில்ஃபின் கழுத்தில் சிவப்பு நாடாவில் தொங்கியது.

மூன்று மாதம் களை மண்டினால் நிலத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் போகும். இடுப்பு முறிந்து படுத்திருந்த விதவைக்குக்கூடப் போனது. போகாதது ஏழாம் நம்பர் நிலத்துக்கு மட்டும். அது மகன் கிரஹாமுடையது. அவன் இருப்பது லீட்ஸில். அவன் நிலத்தில் இடுப்பளவுக்குக் காஞ்சொறி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. காத்திருப்போர் பட்டியலின் தலையில் ஆல்வென் பாஸ்க் என்ற பெண் ஆறு வருடமாக நின்றாள். நாலாவது மாடி வீட்டில், பக்கெட்டில் பீன்ஸ் வளர்க்கிறவள்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது வில்ஃப் சொன்னான்: "முட்டி போச்சு எனிட். தலைவர் வேலையை கிரஹாம்கிட்ட குடுத்துடப் போறேன்."

"கிரஹாமா? லீக்ஸுக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியாதே அவனுக்கு."

"சின்ன வயசுலேர்ந்து பாத்து வளந்தவன். ரத்தத்துல இருக்கு. எலெக்‌ஷன் கிலெக்‌ஷன்னு வெச்சா சங்கம் ரெண்டாப் போயிடும். ஒரு தொடர்ச்சி வேணும்ல?"

எனிட் கரண்டியைக் கீழே வைத்தாள். ஐம்பத்தொன்பது வருடமாக எந்தப் பேச்சை அவன் சந்தையில் கிழித்துத் தோரணம் கட்டினானோ, அதே பேச்சு அவன் வாயிலிருந்தே குழம்பு மணத்தோடு வந்தது. அவனுக்கோ ஒன்றும் உறைக்கவில்லை. உருளைக்கிழங்கு கேட்டான். இந்த மனிதனுக்காகவா வெயிலிலும் பனியிலும் பிளாஸ்க் தூக்கினோம் என்று இருந்தது அவளுக்கு. சந்தையில் சொன்னது நிஜமா பொய்யா என்பதை இனி யாராவது பார்த்தாக வேண்டும்.

கூட்டத்துக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். பட்டத்து இளவரசன் வரவில்லை, ரோட்டில் நெரிசலாம். வில்ஃப் விஷயத்தைச் சொன்னதும் டெஸ்மண்ட், "அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். பாதிப் பேர் பிஸ்கட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

"நானும் நிக்கிறேன்," என்றாள் எனிட்.

"உக்காரு எனிட். இது குடும்ப விஷயம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். எந்த வயித்துலேர்ந்து வந்தாங்கிறது ஒரு தகுதியான்னு கேப்பியே, வில்ஃப். அந்த வயிறு என்னோடது. அதுல ஒரு விசேஷமும் இல்ல. வேணும்னா டாக்டரைக் கேட்டுக்கோ."

பின்வரிசையில் யாரோ டீயில் புரையேறி இருமினார்கள். டெஸ்மண்ட் விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். இரண்டு பேர் நின்றால் ரகசிய ஓட்டு என்று அதில் எழுதியிருந்தது. ஓட்டுப்பெட்டி இல்லாததால் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தார்கள். அதன் மூடியில் முழு அரச குடும்பமும் சிரித்துக்கொண்டிருந்தது.

எனிட்டுக்குப் பன்னிரண்டு. கிரஹாமுக்குப் பதினொன்று. கிரஹாம் வந்திருந்தால் சமமாகியிருக்கும். தன் பட்டாபிஷேகத்துக்கே வர முடியாதவனுக்குத்தான் அந்தப் பதினொரு புத்திசாலிகள் நாட்டை எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

வில்ஃப் மூன்று முறை எண்ணச் சொன்னான். மூன்று முறையும் அதேதான். எனிட் கையை நீட்டினாள். அவன் நாடாவைக் கழற்றுவதற்குள் டீ ஆறிவிட்டது. கழுத்தில் அத்தனை வருடம் கிடந்த சாவி சூடாக இருந்தது. அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. மறுநாளே ஏழாம் நம்பருக்குக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் போட்டாள்.

வீட்டில் மூன்று வாரம் பேச்சில்லை. டிசம்பர் முதல் சனிக்கிழமை காலையில் வில்ஃப் அட்டையை எடுத்தான். எனிட் பிளாஸ்க்கை எடுக்கவில்லை. ஆனாலும் கூடப் போனாள். சந்தையில் காய்கறிப் பையோடு ஒரு பெண் நின்று அட்டையைப் படித்தாள்.

"ஓட்டுப் போட்டுத் தப்பான ஆளைக் கொண்டு வந்துட்டா?" என்று கேட்டாள்.

"அடுத்த தடவை..." என்று ஆரம்பித்த வில்ஃப் பாதியில் எனிட் பக்கம் திரும்பினான். எனிட் அவனையே பார்த்தாள். அவன் அட்டையைக் கீழே வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தாள்.

"தூக்கிடலாம்," என்றான். "வலிக்கும். ஆனா தூக்கிடலாம்."

"தூக்கினப்புறம் அந்த ஆளு என்ன பண்ணுவாரு?"

"வீட்டுக்குப் போய் டீ குடிப்பான்."

"டீயை அவனே போட்டுக்கணும்," என்றாள் எனிட்.