படுக்க இடமுள்ள வள்ளம்

1. கரையில் இரண்டு வள்ளங்கள்

எண்பத்தேழில் தீவுப்பகுதிக்கு மண்ணெண்ணெய் வருவது நின்றுபோனபோது நான் அனலைதீவில் மருத்துவமாதுவாக வேலை பார்த்தேன்; ஊரார் என்னை மிஸி என்பார்கள். சொந்த ஊர் புளியங்கூடல். பிள்ளைப்பேற்றில் சிக்கல் என்றால் தாயைக் கடல் வழியாக ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் வள்ளங்களோ எண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்தன. அந்த நாட்களில் ஒரு தாய், வள்ளத்துக்குக் காத்திருந்தபடியே கரையில் பிள்ளையை இழந்தாள்.

அதற்குப் பிறகுதான், நோயாளருக்கென்று ஒரு பாய்வள்ளம் வாங்குவது என்று ஊர்ச் சங்கம் முடிவெடுத்தது. இரண்டு வள்ளங்கள் பார்வைக்கு வந்தன. ஒன்று புதிய பைபர் கிளாஸ் வள்ளம். ஒடுங்கலானது, பாரமில்லாதது, பாய் விரித்தால் பறக்கும். மற்றது சபாரத்தினம் அண்ணையின் தகப்பன் புகையிலை ஏற்றிய பழைய மரவள்ளம். அண்ணை தெற்கில் சிங்களவர் நடுவே கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தபின் வெறுங்கையோடு ஊர் திரும்பி, அந்த வள்ளத்தைத் திருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்.

சங்கத் தலைவருக்குப் புதியதில்தான் கண்.

"உலகமே பைபருக்கு மாறியிட்டுது, மிஸி. நாங்கள் இன்னும் பலகையிலை மிதக்கிறதோ?"

"நான் ரெண்டிலையும் ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்," என்றேன்.

"நீர் பிள்ளைப்பேறு பாக்கிறனீர். வள்ளம் பாக்கிறது எங்கடை வேலை."

"தாய்மாரோடை வள்ளத்திலை போறது நான். நீங்களில்லை."

கூட்டம் அதோடு கலைந்தது. அடுத்த நாள் காலை வெள்ளைச் சீருடையோடு இறங்குதுறைக்குப் போனேன்.

புதிய வள்ளத்தில் ஏறி, நோயாளி மாதிரி மல்லாந்து படுத்தேன். கரையில் நின்ற ஆண்கள் சிலர் முகத்தைத் திருப்பினார்கள், சிலர் சிரித்தார்கள். குறுக்கே இருந்த ஆசனப் பலகைகள் கால் நீட்ட விடவில்லை. அவற்றைக் கழற்றினால் வள்ளத்தின் உடம்பு தளர்ந்துவிடும் என்றார்கள். பாய் விரித்ததும் உண்மையாகவே பறந்தது. ஒவ்வொரு அலையும் என் முதுகில் வந்து குத்தியது. எழுந்து முழங்காலில் நின்று பார்த்தேன். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

பழையது அசைந்து அசைந்துதான் போனது. திருப்பினால் சுணங்கி, நேரமெடுத்துத்தான் திரும்பியது. அடியில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. புகையிலை மணம் போகவில்லை. ஆனால் சரக்கு ஏற்றிய அகன்ற தட்டையான தளம் இருந்தது. ஒரு தாய் கால் நீட்டிப் படுக்கலாம். பக்கத்தில் நான் முழங்காலிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம்.

"இதுதான் வேணும்," என்றேன், கரைக்கு வந்ததும்.

"சுணங்கிப் போய் ஏதும் நடந்தால் பழி உமக்குத்தான்," என்றார் தலைவர்.

"ஓம், எனக்குத்தான். புதுசிலை நான் ஒரு தாயையும் ஏத்தமாட்டன்."

என்னை விட்டால் நோயாளியோடு போக வேறு ஆள் இல்லை. அதனால் முறுமுறுத்துக்கொண்டே பழையதை வாங்கி, அண்ணையையே ஓட்டச் சொன்னார்கள். புதிய வள்ளத்தை மீன்பிடிக்காரர் எடுத்தார்கள். அவர்களுக்கு அது நன்றாக உழைத்துக் கொடுத்தது. அந்த வள்ளத்தில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

2. நவமணி

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசத் தொடங்கிய ஒரு காலை, நவமணிக்கு வீட்டில் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன், அதற்கும் நிற்கவில்லை. பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, நவமணியைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்து வள்ளத்தில் படுக்கவைத்தோம். கர்ப்பப்பையை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தபடி நான் முழங்காலில் இருந்தேன். பிடி தளர்ந்தால் இரத்தம் பாயும். சபாரத்தினம் அண்ணை சுக்கானில் இருந்தார்.

பாதி வழியில் கடற்படையின் ரோந்துப் படகு ஒன்று குறுக்கே வந்தது. ஒலிபெருக்கியில் ஏதோ கத்தினார்கள். அண்ணை பாயை இறக்கிவிட்டுக் கைகளை உயர்த்தினார்.

"மிஸி, எல்லாரும் எழும்பிக் கையைத் தூக்கட்டாம்."

"ஏலாது. கையை எடுத்தால் இவள் போயிடுவாள்."

"துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறாங்கள்."

"நிக்கட்டும். ஏலாதெண்டு சொல்லுங்கோ, அண்ணை."

"அப்பிடியே சொல்லவோ?"

"அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் சிங்களத்தில் சொன்னார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்த மொழியைப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. குரலை உயர்த்தாமல், கடையில் சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னார். ஒரு இளம் சிப்பாய் எங்கள் வள்ளத்துக்குள் குதித்தான். என் பிடரிக்குப் பின்னால் அவன் மூச்சு கேட்டது. நான் கைகளை விடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. தளத்தில் கிடந்த இரத்தத்தைப் பார்த்தவன் ஏதோ சொல்லிவிட்டுத் தங்கள் படகுக்கே திரும்பிப் பாய்ந்தான்.

"போகட்டாம்," என்றார் அண்ணை. பாயை மறுபடி ஏற்றினார்.

ரோந்துப் படகு கிளப்பிய அலையில் எங்கள் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது. என் பிடி நழுவவில்லை.

ஊர்காவற்றுறையில் டொக்டர் வந்து என் கைகளைத் தன் கையால் விலக்கும்வரை நான் எடுக்கவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. நவமணி பிழைத்தாள். பார்க்கப் போனபோது, "வயிறு இன்னும் நீலமாக் கிடக்குது, மிஸி. நோகுது நோகுதெண்டு கத்தினனான், நீங்கள் விடேல்லை," என்று குறைப்பட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்த கூட்டத்தில் தலைவர் விடவில்லை. "எண்டாலும் சுணங்கித்தானே போச்சுது, மிஸி," என்றார்.

"ஓம், சுணங்கித்தான் போச்சுது. அவள் உயிரோடை போய்ச் சேர்ந்தவள்," என்றேன்.

இப்போது மருத்துவமாது வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கட்டிலோ வண்டியோ வள்ளமோ, அதைத் தெரிவுசெய்யும் இடத்துக்கு உங்களைக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாமலே போங்கள். நோயாளியை எங்கே கிடத்தப் போகிறார்களோ, அங்கே முதலில் நீங்கள் கிடந்து பாருங்கள். சரிவராது என்று உடம்புக்குத் தெரிந்தால், எதிரே நிற்பவர் ஆராக இருந்தாலும் ஏலாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதும் எங்கள் வேலைதான்.