எட்டு மடிப்புத் துணி

மாத்தளைப் பக்கம், யட்டவத்தவுக்கு இப்பால் ராணுவம் பஸ்ஸை நிறுத்திவிடுகிறது. ஊரடங்கு. பயணிகள் எல்லோரும் பாதையோரத்துச் சிறிய ஆஸ்பத்திரியின் விறாந்தையில் ஒதுங்குகிறோம். பகல் இரண்டு மணி.

அறுவைக்கூடத்தின் வாசலில் அந்தோனி என்ற தோட்டத் தொழிலாளி நிற்கிறார். வயிற்றுவலியில் மயங்கிய மனைவியைக் கம்பளியில் கட்டித் தூக்கி வந்திருக்கிறார். உள்ளே சத்திரசிகிச்சை நடக்கிறது. மாத்தளையிலிருந்து ரத்தம் வர வழியில்லை. அவருடைய ரத்தம் அவளுக்குச் சேரவில்லை.

விறாந்தை மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பின் மேல், கொதிக்கும் நீரில் ஒரு குழிக்கரண்டி கிடக்கிறது. அதை எடுக்கத் தாதி வருகிறார்.

“இது என்னத்துக்குங்க மிஸ்ஸி?” அந்தோனி தாதியைக் கேட்கிறார்.

“வயித்துக்குள்ள கொட்டின ரத்தத்த அள்ளத்தான். எட்டு மடிப்புத் துணியில வடிச்சு, போத்தல்ல ஊத்தி, அவங்களுக்கே ஏத்துறோம். ஆள் பொழைச்சுக்கும், பயப்படாதீங்க.”

“ரத்தம் எதுனாலங்க கொட்டுச்சு?”

“புள்ள கருப்பையில தங்காம கொழாயில தங்கிருச்சு. கொழாய் வெடிச்சிருச்சு.”

“புள்ளையா? எந்தப் புள்ளைங்க?”

“நல்ல புருசன்தான் போங்க! ரெண்டு மாசமா முழுகாம இருந்திருக்காங்க.”

அந்தோனி அடுப்பையே பார்க்கிறார். உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிடுகிறார். கரண்டியை இடுக்கியால் பிடித்துக்கொண்டு தாதி திரும்புகிறார்.

“மிஸ்ஸி, அந்தப் புள்ளையோட ரத்தமும் அதுலதானே இருக்கும்?”

தாதி நிற்கிறார்.

“இருக்கும்,” என்கிறார்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு, அந்தோனி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்கிறார்.