ஒரு மூக்கு மட்டும் மூச்சு விட்ட கதை

காது, மூக்கு, தொண்டை டாக்டர் வேலை என்பது ஊராரின் தும்மலை முதல் ஆளாக முகத்தில் வாங்கிக்கொள்ளும் வேலை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, "ஆ காட்டுங்க, ஆ காட்டுங்க" என்று கத்தியே தொண்டை கட்டிப்போன சகோதர சகோதரிகளே, உங்களுக்கு என் பாடு புரியும். காரைக்காலில் ஒரு திங்கட்கிழமை காலை நான் ஜெயித்த கதை இது. அடக்கமாகச் சொல்லும் உத்தேசமெல்லாம் இல்லை.

கையை எடுக்காத பெண்

கோட்டுச்சேரியிலிருந்து லூர்துமேரி தன் மகள் ஜெனியை இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து மூக்கில் சளி, கிட்டே போக முடியாத நாற்றம். மருந்து, ஆவி எல்லாம் பார்த்தாயிற்று. வகுப்பில் தனி பெஞ்சு. வரும் ஞாயிறு மாதா கோயிலில் புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன் தைத்து ரெடி. ஆனால் வரிசையில் இவள் பக்கத்தில் நிற்க ஒரு பிள்ளையும் தயாரில்லை.

"எந்தப் பக்கம் வருது?" என்றேன். "இடது பக்கம் மட்டும்தாங்க." எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் நாறினால் அது சும்மா சளி இல்லை, உள்ளே ஏதோ குடியிருக்கிறது. ஆனால் ஜெனி இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், மிட்டாய் காட்டினேன். ம்ஹூம். எங்கள் நர்ஸ் கலா சிஸ்டர் சொன்னார்: "விடுங்க டாக்டர், பீரோ சாவிய ஒளிச்சு வச்ச மாதிரில்ல பொத்திக்கிட்டிருக்கு!"

வஞ்சிரமும் மத்தியும்

சரி, வேடிக்கை பார்த்தாவது பயம் தெளியட்டும் என்று அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். கோட்டுச்சேரிமேட்டு மீனவர் முருகையன். அவருக்குக் காது கேட்கவில்லை என்பது மனைவி கொண்டுவந்த புகார். பின்னால் நின்று வலது காதைப் பொத்தி, "நான் சொல்றதத் திருப்பிச் சொல்லுங்க" என்று இடது காதில் "வஞ்சிரம்" என்று கிசுகிசுத்தேன். "இப்ப எங்கங்க வலையில படுது?" என்றார். இடது பாஸ். இடதைப் பொத்தி, வலது காதில் "மத்தி" என்றேன். "சொல்லுங்க டாக்டர், சொல்லுங்க" என்றார்.

விளக்கடித்துப் பார்த்தால் குரும்பி தக்கை மாதிரி அடைத்துக் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினேன், பொத்தென்று வந்து விழுந்தது. வலப்பக்கம் நின்ற மனைவி வழக்கம்போல் "இந்தச் செவிட்டு மனுசனக் கட்டிக்கிட்டு..." என்று முணுமுணுக்க, முருகையன் விசுக்கென்று திரும்பினார்: "அடிப்பாவி, இத்தன நாளா இதையா சொல்லிக்கிட்டிருந்த?"

ஒரு பக்கத்துப் படம்

ஜெனி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கை நழுவியது. விட்டேனா நான்! நாக்கை அழுத்தும் ஸ்டீல் பட்டையை அவள் மூக்குக்குக் கீழே நீட்டி, "மூச்சு விடு கண்ணு, என்ன படம் வருதுன்னு பாப்போம்" என்றேன். வலப்பக்கம் ஆவி வட்டமாகப் படிந்தது. இடப்பக்கம் பளபளவென்று வெறும் ஸ்டீல். அதைப் பார்த்ததும் அவள் உதடு பிதுங்கியது. என் காதருகே வந்து, "மாதா மணி உள்ள போயிடுச்சு. பாவமா டாக்டர்? பாதர்ட்ட சொல்லணுமா?" என்றாள். ஐயோ, இந்தப் பயத்தையா பிள்ளை இத்தனை மாதம் மூக்குக்குள் சுமந்தாள்!

"பாவமெல்லாம் இல்லடா. ஆடாம இரு." கலா சிஸ்டர் தலையைப் பிடித்துக்கொள்ள, கொக்கியை மணிக்குப் பின்னால் மெல்ல விட்டு ஒரே இழு. கழுவிப் பார்த்தால் நீல மணி. லூர்துமேரி கைப்பையிலிருந்து அதே நீலத்தில் ஒரு செபமாலையை எடுத்து மணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார்: "ஒண்ணு கொறயுதேன்னு நான் விரல மடக்கியில்ல எண்ணிக்கிட்டிருந்தேன்! இவ மூக்கு சரியாவணும்னுதாங்க அந்தச் செபமே!"

அடுத்த திங்கள்

வெள்ளை கவுனோடு வந்து நின்றாள் ஜெனி. "வரிசையில பக்கத்துல யாரு நின்னா?" என்றேன். இரண்டு பக்கமும் போட்டியாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளே மேசையிலிருந்து ஸ்டீல் பட்டையை எடுத்து மூக்குக்குக் கீழே வைத்து, புஸ்ஸென்று விட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினாள்: "பாத்தீங்களா டாக்டர், ரெண்டு படம்!"

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள், அடுத்தவர் மூக்கிலேயே நுழையும் பிழைப்பில் இத்தனை பெருமை இருக்கும் என்று அவர்கள் கண்டார்களா என்ன!