பந்த் நாளில் போன பெண்பார்ப்பு

பாறசாலை ஜோஷி 1961ஆம் ஆண்டு, எல்லையோரத்தின் கேரளப் பக்கத்தில் பிறந்தார். தந்தை செல்லசாமி சந்தையில் வெற்றிலை மொத்த வியாபாரி, தாய் ராஜபாய். பள்ளிப் படிப்பு மலையாளத்தில், கல்லூரிப் படிப்பு எல்லைக்கு அப்பால் தமிழில். 1987 முதல் டார்ச் விளக்கும் பேட்டரியும் விற்கும் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உள்ள கடைகள் அவர் பொறுப்பு. 1995 நவம்பர் வரை திருமணம் ஆகவில்லை. அதுவரை மூன்று முறை பெண் பார்க்கப் புறப்பட்டார். மூன்று முறையும் காரியம் கைகூடவில்லை. இவ்வளவும் மறுக்க முடியாதவை. குற்றம் ஜோஷியுடையதா, காலத்துடையதா என்பதில்தான் குடும்பத்தில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு.

கோட்டுகாலில் பெண் பார்க்கப் போன அன்று, ரயில் நெய்யாற்றின்கரையில் எதிர்வண்டிக்காக நின்றது. நின்ற வண்டி கிளம்பி, ஜோஷி பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டார் கோயில் ஜெபத்துக்குப் போயிருந்தனர். இரண்டாம் இடத்துக்கு, ஸ்டூடியோக்காரர் கவரை மாற்றி வேறொருவர் படத்தை அனுப்பிவிட்டார். அங்கே அடர்ந்த மீசைக்காரர் ஒருவரை எதிர்பார்த்திருந்தவர்கள், மழித்த முகத்தோடு ஜோஷி படியேறியதும் கடனுக்குத் துணி விற்பவர் என்று எண்ணி, ஒன்றும் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது சறுக்கல் பேஜரால் வந்தது. கம்பெனி கொடுத்த அந்தக் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு அவர் நடந்தபோது கல்யாணத் தரகர் விஜயதாஸுக்கே ஒரு பெருமிதம். ஆனால் பாலராமபுரத்துக்குத் தெற்கே அது ஊமை. பெண்ணின் மாமன் நேரத்தை மாற்றி அனுப்பிய சேதி வந்து சேரவேயில்லை.

நான்காவதாக வந்தது திருப்புறம் ராஜையாவின் மகள் ஜெபமலரின் சம்பந்தம். ராஜையா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்தை அவர் உயிர்க்காரியமாகவே கருதிப் பழகியவர். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்று சொல்லியனுப்பினார். கூடவே இன்னொரு செய்தியையும் விஜயதாஸ் கொண்டுவந்தார். வங்கி குமாஸ்தா ஒருவரும் பெண் கேட்டிருந்தார். அன்று மாலைக்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“இந்தத் தடவை தாமசிச்சா எனக்க காலு இனி உமக்க வீட்டு நடையில ஏறாது, கேட்டுக்கிடும்” என்று விஜயதாஸ் முடிவாகச் சொன்னார்.

வியாழனன்று நாகர்கோவிலில் கம்பெனிக் கூட்டம் முடிய இரவாகிவிட்டது. ஜோஷி அங்கேயே லாட்ஜில் தங்கி, காலையில் ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டியும் புதுச் சட்டையும் உடுத்தி, தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து ராசிபலன் வரை படித்துவிட்டுப் பஸ் ஏறினார். கேரளத்தில் அன்று பந்த் என்பதை முந்தைய மாலை திருவனந்தபுரம் வானொலி மலையாளத்தில் தெளிவாகவே அறிவித்திருந்தது. ஆனால் அவர் தூங்கியது தமிழ்நாட்டில். தூங்கிய மாநிலத்தின் செய்தியை நம்பி விடியும் மாநிலத்துக்குப் புறப்படுவது எல்லையோரத்தாருக்கு மட்டுமே வாய்த்த பிழை.

களியக்காவிளையில் பஸ் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் சாலை கழுவித் துடைத்த இலைபோல வெறிச்சோடிக் கிடந்தது.

“கேரளா பக்கம் இண்ணு பந்தாக்கும். ரேடியோ கேக்கல்லியா?” என்றார் டீக்கடைக்காரர்.

“பேப்பர் பாத்தேன்.”

“எந்த ஊரு பேப்பரு?”

ஜோஷி ஒரு டீ சொன்னார்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. முன்கண்ணாடியில் ‘விவாகம்’ என்று மலையாளத்தில் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பந்த் நாளில் கல்யாணம், பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி ஆகிய நான்குக்கும் வழி விடுவார்கள். குளத்தூரில் முகூர்த்தத்துக்குப் போகும் மாப்பிள்ளை வீட்டார் அவர்கள். ஜன்னல் வழியே தலை நீட்டிய பெரியவர் குட்டப்பன், மாப்பிள்ளையின் தாய்மாமன். ஜோஷியை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

“எங்க போவணும் மக்கா?”

“திருப்புறம். பொண்ணு பாக்க.”

“நல்ல காரியமாக்கும். ஏறி முன்னால இரியும். குளத்தூர்ல இறங்கி நடந்தா எத்திப்போடலாம்.”

குளத்தூருக்கு முன் ஒரு நாற்சந்தியில் சாலை நடுவே கற்கள் அடுக்கியிருந்தன. ஷைஜு என்ற இளைஞன் நாலைந்து பேரோடு வந்து வேனை மறித்தான். கண்ணாடித் தாளைப் படித்தான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

“செக்கன் எவிடே?”

மாப்பிள்ளை விடியுமுன்பே காரில் போய்விட்டதாகக் குட்டப்பன் சொன்னார்.

“செக்கன் இல்லாத்த கல்யாணமோ? எல்லாரும் இறங்கணும்” என்றான் ஷைஜு.

இனி வேன் நகராது என்று தெரிந்ததும் குட்டப்பன் ஜோஷியின் தோளில் கையைப் போட்டார். “சும்மா ஒரு தமாசுக்குச் சொன்னதாக்கும் தம்பி. இதாக்கும் மாப்பிள்ளை. கண்டா தெரியல்லியா?”

ஷைஜு வேட்டியைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், இடுப்பிலிருந்த பேஜரையும் பார்த்தான். சந்தேகம் தீர்ந்தது. கையை நீட்டி வாழ்த்துச் சொன்னான். ஜோஷிக்கு வேறு வழியில்லை, வெட்கப்பட்டுக் கைகுலுக்கினார். வெட்கம் உண்மையானது என்பதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. கற்கள் விலகின.

கல்யாண வீட்டில் இறங்கியதும்தான் சிக்கல் புரிந்தது. திருப்புறத்துக்கு அந்த நாற்சந்தி வழியேதான் போயாக வேண்டும். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை தனியாக எதிர்த்திசையில் நடந்துபோனால் ஷைஜு என்ன நினைப்பான்?

“நீரு அங்கண போனா எனக்க வேனு திரும்பி வராது. ஆறு மணிக்குப் பந்து தீரும். அதுவரை இங்க இரியும் மக்கா” என்று குட்டப்பன் கெஞ்சினார்.

“ஆறு மணிக்குப் பொண்ணு பேங்குக்காரனுக்காக்கும், மாமா.”

தகவலாவது சொல்லலாம் என்று ஜோஷி தொலைபேசியைத் தேடினார். கூடத்தில் பூவேலைத் துணி போர்த்தி ஒன்று வீற்றிருந்தது. துணியை விலக்கினால் டயலில் சின்னதாக ஒரு பூட்டு. சாவி மணப்பெண்ணின் தகப்பன் சோமனின் மடியில், சோமனோ மணவறையில். தாலி கட்டி முடியும் வரை ஜோஷி பூட்டைப் பார்த்தபடி நின்றார். சாவி கைக்கு வந்தபின், தரகர் கொடுத்திருந்த திருப்புறம் டெலிபோன் பூத் எண்ணைச் சுழற்றினால், இவ்வழியில் உள்ள இணைப்புகள் யாவும் நெருக்கடியில் இருப்பதாக ஒரு பெண்குரல் மலையாளத்தில் பணிவோடு சொன்னது; பிறகு ஆங்கிலத்தில் சொன்னது; பிறகு இந்தியில். பஸ் ஓடாத நாளில் இத்தனை நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. பலமுறை சுழற்றி விரல் வலித்தபின் மறுமுனையில் மணியடித்தது.

“ஹலோ, திருப்புறம் பூத்து.”

“ராஜையா அண்ணாச்சிக்கு ஒரு தகவல் சொல்லணும். பாறசாலை ஜோஷி பேசுதேன்.”

“பதினொண்ணுக்கு வாறதா சொன்ன ஜோஷியா? இப்ப எங்க நிக்குதீங்க? மேளச் சத்தம் கேக்குது.”

“ஒரு கல்யாண வீட்டுல.”

“யாருக்க கல்யாணம்?”

“தெரியாது.”

“மாப்பிள்ளை பேரு?”

“அதும் தெரியாது. ஆனா வழியில கொஞ்ச நேரம் நான்தான் மாப்பிள்ளை.”

மறுமுனையில் சிரிப்பை அடக்கும் ஓசை கேட்டது. ஜோஷி ஒன்றையும் மறைக்காமல் லாட்ஜிலிருந்து தொடங்கிப் பூட்டு வரை சொல்லி முடித்தார்.

“பேஜர் உண்டுண்ணு தரகர் பெருமை அடிச்சாரே. அதில ஒரு சேதி விடப்படாதா?”

“அதில சேதி வரும், போவாது. இங்கண வரவும் செய்யாது. இடுப்புக்கு ஒரு அழகாக்கும், அவ்வளவுதான். அண்ணாச்சி இருக்குதாரா?”

“கோவத்தில இருக்குதாரு. சாயங்காலம் பேங்குக்காரருக்கு வாக்கு குடுக்கப் போறாராம்.”

ஜோஷியின் குரல் இறங்கியது. “பொண்ணு என்ன சொல்லுது?”

“பொண்ணுதான் பேசுது” என்றாள் ஜெபமலர். “இது எனக்க பூத்தாக்கும், வீட்டு முன்னறையில. எந்த வீடுண்ணு அடையாளம் சொல்லுங்க. சைக்கிளைப் பந்துக்காரங்க பிடிக்கமாட்டாங்க.”

அதன்பின் ஜோஷிக்கு உட்கார முடியவில்லை. அழைப்பில்லாத வீட்டில் சும்மா நின்று சாப்பிடுவதும் கூச்சமாயிருந்தது. புளிசேரி என்னும் மோர்க்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் இறங்கிவிட்டார். புளிசேரி முடிந்ததும் போளித் தட்டு. ஒருவருக்கு அதிகமும் ஒருவருக்குக் குறைவுமாக இல்லாமல், கேட்பவரின் முகம் பார்த்துப் பரிமாறினார். குட்டப்பனுக்கு அதைப் பார்த்துப் பெருமை பிடிபடவில்லை. “நம்ம பயலாக்கும்” என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

மூன்றாம் பந்தியில், வியர்த்த நெற்றியோடு கடைசி இலையில் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “மக்கா, பாயசம் விடதுக்கு முன்ன இன்னொரு போளி வை.”

ஜோஷி வைத்தார்.

“மணி எத்தனை?”

“ஒண்ணே முக்கால்.”

“பதினொண்ணுக்காக்கும் உன்னை வரச் சொன்னது. எனக்க ரயில்வே கேட்டுல இப்பிடித் தாமசிச்சா ரயிலு என்னத்துக்கு ஆவும்?”

ராஜையாவுக்குப் பின்னால், வாசலில் சாய்த்த இரண்டு சைக்கிள்களின் அருகே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் புறப்பட்டவரைப் பெண் வந்து பார்த்துவிட்டாள்.

ராஜையா பக்கத்து இலைக்காரரிடம் விசாரித்தார். பக்கத்து இலைக்காரர் குட்டப்பன்.

“இந்தப் பையனை உமக்கு எத்தனை நாள் பழக்கம்?”

“இண்ணு காலத்தே கண்டதாக்கும். ஆனா மாப்பிள்ளையாட்டு இருக்கதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. பந்துக்காரன் வரைக்கும் நம்பிட்டான்.”

ராஜையா போளியைப் பாயசத்தில் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். இலையை மடித்தார். கைகழுவும்போது மகளைப் பார்த்தார், மகள் தலையாட்டினாள். திரும்பி ஜோஷியிடம், “விளம்புற கை நல்ல கையாக்கும். பேங்குக்காரன் வீட்டுக்கு நான் இண்ணு போவல்ல” என்றார். பிறகு, கோபம் முழுதும் தீர்ந்துவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாதே என்று, “ஆனா கல்யாணத்துக்குத் தலேநாளே வந்து படுத்துக்கிடணும்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்படியே நடந்தது. 1996 மே மாதம் திருப்புறம் கோயிலில் திருமணம். மணமகன் முந்தைய மாலையே வந்து, பக்கத்து வீட்டில் தூங்கினார். குட்டப்பன் தம் வேனில் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் அமர்ந்தார். இது எழுதப்படும் 1999 மே மாதத்தில், ஜோஷி–ஜெபமலர் மணவாழ்வு: மூன்று ஆண்டுகள்.