காத்து என்று கேட்டார்கள்

முதல் தடவை அது பெரிய மார்க்கெட்டில் வந்தது. வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பியது. பயம் என்று சொல்ல முடியாது. யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கின மாதிரி, கால் தரையை விட்டு விலகின மாதிரி இருந்தது. அப்புறம் பார்த்தால் மீன்காரம்மாவின் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன், முகமெல்லாம் தண்ணீர்.

“இன்னாம்மா, வெத்தல போட்டவ மாதிரி மென்னுகினே நின்ன. என்னமோ பேசுன, ஒண்ணும் புரியல” என்றார் அவர்.

வெயில், வெறும் வயிறு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மீனை வாங்கி வந்து குழம்பும் வைத்தேன். சாப்பிடும்போதுகூட ஆரோக்கியத்திடம் சொல்லவில்லை. ஆரோக்கியம் என் கணவர். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். விழுப்புரத்துப் பக்கத்து ஆள், சாது. சின்ன விஷயத்துக்கும் ராத்தூக்கம் போய்விடும்.

இதை நான் வலிப்பு உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாக. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அங்கங்கே கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வந்தது. பூசையில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை. அப்புறம் மறைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா இ.இ.ஜி. (மண்டையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தை வரைந்து பார்ப்பது) எடுக்கச் சொன்னார். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் எடுக்கும் படம்) எடுத்தார்கள். வலது பொட்டுக்கு உள்ளே, மூளையில் ஒரு பழைய தழும்பு. சின்ன வயதில் கடும் காய்ச்சலில் வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். வந்திருக்கிறது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள்.

டெம்போரல் லோப் வலிப்பு (பொட்டுப் பகுதி மூளையில் கிளம்பும் வலிப்பு) என்று பெயர். வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் இழுத்து நுரை தள்ள வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதில் பெரும்பாலும் அப்படி இருக்காது. ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார். வெறித்துப் பார்ப்பார், வாயை மெல்லுவார், முந்தானையைப் பிசைவார், சிலர் முணுமுணுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். என்ன பேசினோம் என்று நமக்கே தெரியாது. வேறு யாரோ உள்ளே புகுந்து பேசுகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றினால், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மாத்திரை ஆரம்பித்தார்கள். சரியான அளவைக் கண்டுபிடிக்க நாளாகும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டரம்மா. நாளெல்லாம் தூக்கம் தூக்கமாக வந்தது. வலிப்பும் நிற்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆரோக்கியம் வேலைக்குப் போனால் நான் தனி. அந்தப் பயத்தில்தான் அவர் கண்டவர்களிடமெல்லாம் யோசனை கேட்க ஆரம்பித்தார்.

கூட வேலை செய்கிறவர் ஒருவர் உழவர்கரைப் பக்கம் ஒரு ஜெப வீட்டைப் பற்றிச் சொன்னார். நாங்கள் கத்தோலிக்கர்கள், செபம் என்போம். அங்கே எல்லாம் அழுத்தமாக, ஜெபம்தான். இரும்புக் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஹால். அதை நடத்தியவர் தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டார். யார் அவரை அப்படி ஆக்கினது என்று கேட்டேன். “ஆண்டவரே பேசினாராம்” என்றார் ஆரோக்கியம். ஆண்டவர் பேசும்போது பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சரி, அவர் நிம்மதிக்காக ஒரு தடவை போய் வருவோம் என்று கிளம்பினேன்.

டிரம்ஸ், கீபோர்டு, கண்ணில் குத்தும் விளக்கு. போதாததற்கு அன்று காலையிலிருந்து பட்டினி இருக்கச் சொல்லியிருந்தார்கள். வலிப்புக்காரி ஒருத்திக்கு வேறென்ன வேண்டும்? அடிவயிறு எழும்பியது. அதற்குப் பிறகு நடந்ததை ஆரோக்கியம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தீர்க்கதரிசி என் தலையில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, மைக்கை என் வாயருகில் பிடித்து, யார் நீ, உன் பெயரைச் சொல் என்று அதட்டியிருக்கிறார். நான் ஏதேதோ புரியாத பாஷையில் முனகியிருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்க, கடைசியில் “காத்து” என்றேனாம். மைக்கில் ஹால் முழுக்கக் கேட்டிருக்கிறது. காத்து கருப்பு என்று நாம் எதைச் சொல்வோமோ, அதுவே தன் பெயரைச் சொல்லிவிட்டது என்று கூட்டம் அலறியிருக்கிறது.

நான் தெளிந்தபோது தரையில் கிடந்தேன். கொண்டை அவிழ்ந்திருந்தது. நெற்றியெல்லாம் எண்ணெய். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்த நோயாளிக்கும் ஆண்டவர் கொடுக்கக் கூடாது. ஆரோக்கியம் அழுதுகொண்டிருந்தார்.

“உன் வாயாலயே சொல்லிட்ட மதலே. காத்துன்னு.”

மதலேன் என்பது என் பெயர். அன்று என் வாயை நினைத்து நானே நடுங்கினேன். அத்தனை பேர் கேட்டதை நான் எப்படி இல்லை என்பது? நான் இல்லாத நேரத்தில் எனக்குள் யார் இருந்தது?

தீர்க்கதரிசி வீட்டுக்கு வந்தார். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு, அதனால்தான் ஆவி போக மாட்டேன் என்கிறது என்றார். மாதா சுரூபம் விக்கிரகம், எடுத்துவிட வேண்டும் என்றார். பிறகு கூடத்தில் மாட்டியிருந்த பப்பாவின் படத்தைக் கைகாட்டினார். எங்கள் வீட்டில் அப்பாவைப் பப்பா என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் சொல்தா என்பார்கள். அந்த உடையில், மெடலோடு நிற்கும் படம். செத்தவர் படத்தில்தான் இது குடியிருக்கிறது என்று தீர்க்கதரிசி முடிவாகச் சொன்னார்.

ஆரோக்கியம் நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரையை நிறுத்தினோம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இந்தக் கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள். சில நாளில் எங்கள் வீட்டிலேயே, ஜெபக் குழுவினர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வலிப்பு வந்தது. இந்த முறை கைகால் இழுக்கிற வலிப்பு. நிற்கவே இல்லை. ஸ்டேட்டஸ் (விடாமல் தொடரும் வலிப்பு, உயிருக்கே ஆபத்து) என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்.

குழுவினர் தீர்க்கதரிசிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருக்கிறார்கள். யாரும் தொடாதீங்க, அது போகிற நேரம் என்று அவர் சொல்லியிருக்கிறார். என் உதடு நீலம் பாரித்ததாம். ஆரோக்கியம் எழுந்தார். “அவ போறாடா” என்று போனைப் பார்த்துச் சொன்னாராம். அதுவரை அவர் யாரையும் ‘டா’ போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடி ஆட்டோ பிடித்திருக்கிறார். இன்று நான் எழுதுகிறேன் என்றால் அந்த ஓட்டத்தால்தான்.

ஐ.சி.யூ.வில் தொண்டையில் செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடந்தேன். கண் விழித்தபோது பாரிஸிலிருந்து அக்கா வந்திருந்தாள். ஒர்த்தான்ஸ் என்று பெயர். வாயில் எனக்கும் அக்காதான்.

வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டரம்மா ஒன்று கேட்டார். வலிப்பு வரும்போது யாராவது வீடியோ எடுத்திருக்கிறீர்களா, பார்த்தால் சிகிச்சைக்கு உதவும் என்றார். ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். ஜெப வீட்டில் அதைச் சாட்சி என்று எல்லோர் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். தயங்கித் தயங்கிப் போட்டுக் காட்டினார். தீர்க்கதரிசியின் அதட்டல், டிரம்ஸ், நடுவில் என் முனகல். எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

அக்கா போனைப் பிடுங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை கேட்டாள். அவள் முகம் மாறியது.

“இது பப்பா கணக்குடி” என்றாள். “ஆன், தே, த்ருவா, காத்ரு. பிரெஞ்சுல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நீ எண்ணுற.”

ஆரோக்கியம் அவளையே பார்த்தார். “அப்ப காத்து இல்லியாக்கா?”

“நாலு தம்பி. வெறும் நாலு.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. ஆரோக்கியம் சுவரோரமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் திறந்தது. என் சின்ன வயதில் குருசுக்குப்பம் கடற்கரையில் மணல் இருந்தது. இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். சாயங்காலமானால் பப்பா எங்களைக் கூட்டிப்போவார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, என்னை முன்னால் நிறுத்தி, அலைகளை எண்ணுவார். காத்ரு என்றதும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். நாலாவது அலை என் காலுக்குக் கீழே போகும். அவர் சட்டையில் சவர சோப்பு வாசனை அடிக்கும். திரும்பி வரும் வழியில் எனக்கும் அக்காவுக்கும் பேக்கரியில் ஆளுக்கொரு ரொட்டி. அவர் போன பிறகு பிரெஞ்சு பேச வீட்டில் ஆளில்லை. நான் அதை மறந்தே போனேன் என்று நினைத்திருந்தேன்.

தழும்பு இருக்கிற இடம் நினைவுகளைச் சேர்த்து வைக்கிற இடம், மின்சாரம் தப்பாகப் பாயும்போது பழைய நினைவு ஒன்று விழித்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. வயிறு எழும்புவதும் வலிப்பின் தொடக்கம்தான். அதற்கு ஆரா (வலிப்புக்கு முன்னறிவிப்பு) என்று பெயர்.

எங்கள் பங்குச் சாமியார் பார்க்க வந்தார். ஆரோக்கியம் எல்லாவற்றையும் சொன்னார். திருச்சபையில் பேய் ஓட்ட ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும், அதற்கும் முன்னால் டாக்டர் பார்த்திருக்க வேண்டும் என்றார் அவர். என்னிடம் கேட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டார்.

தீய ஆவியே இல்லை என்று நான் வாதாடவில்லை. வேதத்தில் இருக்கிறது, நான் நம்புகிறவள். ஆனால் அது எனக்குள் இருந்து பேசவில்லை. சாகக் கிடக்கிறவளைத் தொடாதே என்று ஒரு புருஷனிடம் சொன்ன குரலில் அது இருந்திருக்கலாம். ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் உங்கள் மாத்திரையைப் பிடுங்கினால், வாசலைக் காட்டி அனுப்புங்கள். பாவம் எதுவும் வராது.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து மெல்ல மெல்ல அளவைக் கூட்டினார்கள். நடுவில் சின்னச் சின்னதாக வலிப்பு வந்துகொண்டிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அடிவயிறு எழும்பும்போது இப்போது யார் தூக்குகிறார் என்று தெரியும். சவர சோப்பு வாசனைகூட வந்தது. பிறகு மருந்து சரியான அளவுக்கு வந்தது. எல்லாம் நின்றது.

என் உடம்பு இப்போது அமைதியாக இருக்கிறது. நேரம் ஓட்டை இல்லாமல் போகிறது. காலையில் மாத்திரை, இரவில் மாத்திரை, நடுவில் எல்லோருக்கும் போலவே ஒரு முழு நாள். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல் சில சமயம் வயிற்றைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் டாக்டரம்மா, இத்தனை காலம் வலிப்பு இல்லையே, மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். குறைத்தால் திரும்ப வருமா என்றேன். வரலாம், வராமலும் போகலாம், நீங்களே சொல்லுங்கள் என்றார். ஆரோக்கியம் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை வேர்த்திருந்தது. என் இன்னொரு கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

“வேணாம் டாக்டர். இப்படியே இருக்கட்டும்.”

வெளியே வராந்தாவில் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “நல்லாத்தான இருக்க, ஏன் அழுவுற?” என்று கேட்டார் ஆரோக்கியம்.

“பப்பா செத்துட்டாருங்க” என்றேன்.